லிஸ்டில் இருந்து எடுத்த நம்பர்

2009 நாடாளுமன்றத் தேர்தலில் எனக்குத் திருவட்டாறு தாண்டி மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் வாக்குச்சாவடி வேலை போட்டிருந்தார்கள். அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. பூதப்பாண்டிப் பக்கம் ஒரு பள்ளி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். எங்கள் குழுவில் ஐந்து பேர். விரலில் மை வைக்கும் வேலை குழித்துறைப் பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு டீச்சருக்கு. கடற்கரை ஊர்க்காரி, என்னைவிட மூன்று வயது குறைவு. பத்து மணி வாக்கில் மைக்குப்பி கவிழ்ந்து அவள் வலது கை முழுக்க மையாகிவிட்டது. துடைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. வரிசை மைதானம் வரைக்கும் நின்றது. மை வேண்டாம் என்று அடம்பிடித்த ஒருவரிடம், "விரல நீட்டணும் கேட்டேளா, இல்லேன்னா அந்தால வீட்டுக்குப் போலாம்" என்றாள். அவர் நீட்டினார். நான் பக்கத்து மேசையில் பெயர் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அன்று முழுக்க என்னிடம் அவள் பேசியது, "சார், அந்தத் தண்ணிய இங்கோட்டு எடுங்க" என்பது மட்டும்.

எங்கள் தலைமை அலுவலர் ஐந்து பேரின் போன் நம்பரையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். பஸ் எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொள்வதற்காக. ஊருக்குத் திரும்புமுன் அந்தத் தாளைப் பார்த்து அவள் நம்பரை என் போனில் ஏற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஒரு குட்மார்னிங் மெசேஜ் அனுப்பினேன். புள்ளிகளும் கோடுகளுமாக ஒரு ரோஜாப்பூ, கீழே நட்பைப் பற்றி நாலு வரி. எனக்கு யாரோ அனுப்பியது. அப்போது எல்லோரும் அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம். பதில் இல்லை. மறுநாள் இன்னொன்று. ஒன்பது நாள் தொடர்ந்து அனுப்பினேன். பத்தாம் நாள் பதில் வந்தது. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்.

"சார், இந்த நம்பர நான் உங்களுக்குத் தரல்ல. லிஸ்டுல இருந்து எடுத்தீங்க. இப்போ லீவு, போன் வீட்டுல எல்லாரு கையிலயும் இருக்கும். அண்ணன் ஆருன்னு கேக்கான். சொந்தமா எழுத ஒண்ணும் இல்லேன்னா அனுப்பண்டாம்."

அதை வாசித்தபோது எனக்குக் காது சூடாகிவிட்டது. அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியவில்லை. ஒன்பது மெசேஜிலும் என்னுடையது என்று ஒரு வரி இல்லை. மன்னிப்புக் கேட்டு ஒன்று எழுதினேன். பிறகு நிறுத்திவிட்டேன்.

ஜூனில் பள்ளி திறந்தது. ஒரு வாரம் யோசித்து, அவள் கடைசி வரியை அனுமதியாக எடுத்துக்கொள்ளலாமா கூடாதா என்று எனக்குள்ளேயே வழக்காடி, ஒரு மாலை எழுதினேன்: "டீச்சர், கையில் மை போயிற்றா? பதில் எழுத வேண்டும் என்றில்லை."

பத்து நிமிடத்தில் பதில். "மூணு நகத்துல கிடக்கு. டீச்சர் எத்தன ஓட்டு போட்டீங்கன்னு பிள்ளேள் கேக்குது."

நான் தனியாகச் சிரித்தேன். அலுவலகத்தில் வேறு யாரும் இல்லாதது நல்லதாயிற்று.

அதன் பிறகு அவளே ஒழுங்கு சொன்னாள். ஐந்து மணிக்கு பஸ் ஏறுவாள், ஆறு மணிக்கு முன்னால் ஊரில் இறங்கிவிடுவாள். அந்த நேரம் மட்டும். இறங்குமுன் எல்லாவற்றையும் அழித்துவிடுவாள். ஞாயிறு கிடையாது. போனில் கூப்பிடக் கூடாது. நான் ஒப்புக்கொண்டேன். ஐந்து மணிக்கு வீட்டுக்குக் கிளம்புகிற ஆள், ஆறு மணி வரை அலுவலகத்தில் இருக்க ஆரம்பித்தேன். தலைமை ஆசிரியர் என்னைப் பொறுப்பானவன் என்று நினைத்தார்.

என்ன எழுதினோம் என்று இப்போது யாராவது கேட்டால் சொல்லச் சிரமம். அங்கே மழையா, இங்கே மழையா. அவள் வகுப்பில் ஒரு பயல் ஒன்பதை எப்போதும் திருப்பிப் போடுவான். எங்கள் வயலில் கும்பப்பூ நெல் நடவு முடிந்தது. அவள் அம்மா தலையில் மீன் சுமந்து விற்கிற வேலையை விட்டு ஆட்டோவில் ஏற்றி விற்க ஆரம்பித்தாள். ஆங்கில எழுத்தில் பள்ளியும் பல்லியும் ஒன்றுதான். நாளை பல்லிக்கு லீவு என்று வாசித்துக் குழம்பியிருக்கிறேன். ஒரு மெசேஜுக்கு இவ்வளவுதான் எழுத்து என்று கணக்கு இருந்ததால், சொல்ல வந்ததை முதலில் மனசுக்குள் சுருக்கிக்கொள்ள வேண்டும். நான் அவளை டீச்சர் என்றேன், அவள் என்னை சார் என்றாள். ஆறு மாதம் அப்படியே போனது.

ஒருநாள் இப்படி எழுதினாள்: "இண்ணைக்கு பஸ்சுல இடம் கிட்டல்ல. ஒரு கையில கம்பிய பிடிச்சிட்டு எழுதுகேன். தப்பு இருந்தா பொறுத்துக்கணும்." நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. வளைவுக்கு வளைவு குலுங்குகிற பஸ்ஸில் நின்றுகொண்டு ஒரு பெண் எனக்கு எழுதுகிறாள். அன்றைக்குத்தான் விஷயம் எனக்கு உறுதியானது.

பிப்ரவரியில் அப்பாவுக்குப் பக்கவாதம். வயலில் இருந்து தூக்கி வந்து நெய்யூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சாயங்காலம் ஏழரை மணி இருக்கும். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எனக்கு யார் குரலையாவது கேட்க வேண்டும் போலிருந்தது. யாருடையது என்றும் தெரிந்திருந்தது. வராந்தாவுக்கு வந்து கூப்பிட்டேன்.

"ஹலோ, ஆரு?" ஆண் குரல்.

"டீச்சர் இருக்காங்களா?"

"ஆருன்னு கேட்டேன்."

"எலக்‌ஷன் டியூட்டில கூட இருந்தேன்."

"எலக்‌ஷன் முடிஞ்சு ஒம்பது மாசம் ஆச்சே வே!"

நான் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் ஐந்தே கால் மணிக்கு மெசேஜ் வந்தது. "வீட்டுல பெரிய பிரச்சன. இனி நான் சொல்லாம அனுப்பண்டாம். விளிக்கவும் செய்யண்டாம்." சரி என்று அடித்தேன். சரி என்பதும் ஒரு மெசேஜ்தானே என்று தோன்றவே அனுப்பாமலே அழித்தேன்.

ஒன்றரை மாதம் எதுவும் இல்லை. அப்பாவுக்கு உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். இடது கையும் காலும் மெல்ல மெல்ல அசைந்தன. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்குமாக அலைந்தேன். விஷயம் தெரிந்த நண்பன் ஒருவன், "குழித்துறையில போயி பஸ் ஸ்டாப்புல நில்லுடே. நேர்ல பாத்தா என்ன செய்வா?" என்றான். வெள்ளிக்கிழமை லீவு போட்டு, குழித்துறைக்குப் போக மார்த்தாண்டம் பஸ்ஸில் ஏறியும் விட்டேன். அவள் வேண்டாம் என்று சொன்னது தக்கலை வரைக்கும் கூடவே வந்தது. அங்கே இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு எதிர் பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

ஏப்ரல் தொடக்கத்தில் புது நம்பரிலிருந்து ஒரு மெசேஜ். "இது எனக்க சொந்த போன். சம்பளத்துல வாங்கினேன். உங்களுக்கு நம்பர் தரணுமான்னு ரெண்டு வாரம் யோசிச்சேன். ஏன் விளிச்சீங்க?"

அப்பாவைப் பற்றி எழுதினேன்.

"அத மெசேஜில எழுதியிருக்கலாமே."

"எழுத வரவில்லை. குரல் கேட்க வேண்டும் போலிருந்தது."

"அப்போ விளிக்கட்டான்னு எழுதிக் கேட்டிருக்கலாம்."

கேட்டிருக்கலாம்தான். தப்பு என்னுடையது என்று எழுதினேன். சற்றுப் பொறுத்து, "அப்பா இப்போ சாப்பிடுகாரா?" என்று வந்தது. அப்புறம், "இப்போ பஸ்சுல கூட்டம் இல்ல. வேணும்னா விளியுங்க."

கூப்பிட்டேன். பஸ் இரைச்சலைக் கேட்டபடி இரண்டு நிமிடம் இருந்தேன்.

அந்த வருஷக் கடைசியில், "ஒரு விஷயம் கேட்கலாமா?" என்று எழுதினேன். "நீங்க கேக்கப்போறது அதுதான்னா மெசேஜில வேண்டாம். நேருல வந்து கேளுங்க" என்றாள். சனிக்கிழமை மதியம் குழித்துறை ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் பார்த்துக்கொண்டோம். மெசேஜில் அவள் நிதானமானவள். நேரில் அவள் பேச்சு ஏறி இறங்கி ராகமாக, பாதி மலையாளமாக, அவ்வளவு வேகமாக வந்தது; நாலு தடவை, என்ன சொன்னீங்க என்று கேட்டேன். அவளுக்கும் நான் வேறு ஆளாகத் தெரிந்திருக்க வேண்டும். "எழுத்துல நீங்க கொஞ்சம் உயரம்" என்றாள். கேட்க வந்ததைக் கேட்டேன்.

"எனக்கு சம்மதம். வீட்டுல நான்தான் பேசுவேன். நீங்க இடையில வரண்டாம். எத்தன மாசம் ஆவும்னு சொல்ல முடியாது."

பதினோரு மாதம் ஆனது. அண்ணன் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. அவள் அம்மா ஒருநாள் மதியம் யாரிடமும் சொல்லாமல் எங்கள் பள்ளிக்கே வந்துவிட்டாள். வேப்பமரத்தடியில் நின்றபடி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணைக்கு போனுல விளிச்ச ஆளு நீதானா?"

"ஆமா."

"பின்ன ஒண்ணர மாசம் விளிக்காம இருந்தியே, ஏன்?"

"வேண்டாம்னு சொன்னாங்க."

"அவ சொன்னா கேப்பியா?"

"கேட்டேன்."

"எங்க மாதா கோயில்ல வச்சு தாலிகெட்டு நடக்கணும்னு எனக்கு ஆச உண்டு. நடக்காதுன்னும் தெரியும். நீ சாமி மாறண்டாம், அவளும் மாற மாட்டா. மத்தபடி எனக்கு ஒண்ணும் இல்ல மக்கா" என்றாள். காபி வாங்கி வரச் சொல்கிறேன் என்றேன். மீன் வண்டி நிற்கிறது என்று போய்விட்டாள்.

எங்கள் வீட்டில் அம்மா ஒரு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பா, "வாறவ வேலைக்குப் போற பிள்ளைதானலே? வரட்டும்" என்று குழறலாகச் சொன்னார். பதிவு அலுவலகத்தில் மனு கொடுத்தோம்; முப்பது நாள் எங்கள் பெயர்கள் நோட்டீஸ் பலகையில் தொங்கின. யாரும் ஆட்சேபிக்கவில்லை. 2012 தொடக்கத்தில் பதிவு செய்துகொண்டோம். தக்கலையில் வாடகைக்கு வீடு பிடித்தோம். இருவர் பள்ளிக்கும் ஏறக்குறைய நடுவழி. ஒரே அறையில் இருந்துகொண்டு சண்டை போடுவது எங்களுக்குப் புதிது. எழுத்தில் ஒருவர் முடித்த பிறகுதான் மற்றவர் ஆரம்பிக்க முடியும். இங்கே அப்படி இல்லை. அதைப் பழக ஒரு வருஷம் பிடித்தது.

அவள் அண்ணன் கல்யாணம் முடிந்து பதினான்கு மாதம் கழித்து, மனைவியோடு வந்தான். நான் கதவைத் திறந்தேன். உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். அவள் காபி கொண்டுவந்தாள். தங்கையைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டான். சுவரைப் பார்த்தான், மின்விசிறியைப் பார்த்தான். கடைசியில் என்னிடம், "இங்க கரண்டு எப்பவும் போவுமா?" என்று கேட்டான். மத்தியானம் இரண்டு மணி நேரம் போகும் என்றேன். "எங்க ஊருலயும் அப்படித்தான்" என்றான்.