கவர்மென்ட்டு நரி

“மொதல்ல உங்க நரியைக் கட்டிப் போடுங்க மேடம்!”

போன வாரம் குன்னம் பக்கத்தில் ஒருவர் எங்கள் வண்டியை மறித்துப் போட்ட உத்தரவு இது.

மேடம் என்றது என்னையல்ல. அரியலூரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் மலர்விழியை. காட்டு விலங்குகள் எங்கே போகின்றன, எதைத் தின்கின்றன என்று ஆராய்ச்சி செய்கிற பெண். ஒரு குள்ளநரியைப் பிடித்து, கழுத்தில் சிக்னல் அனுப்பும் பெல்ட் மாட்டி விட்டிருக்கிறாள். வேடிக்கை பார்க்கலாமே என்று அன்று நானும் அவள் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டேன். வேடிக்கை நன்றாகவே கிடைத்தது...

மறித்தவர் விவசாயி செல்வராசு. முந்தின நாள் அவருடைய ஆட்டுக்குட்டி ஒன்றைக் காணவில்லை. அன்றைக்கே பெல்ட் போட்ட நரியையும் பார்த்திருக்கிறார். போதாதா? பெல்ட் இருந்தால் கவர்மென்ட்டு நரி. கவர்மென்ட்டே கொண்டுவந்து விட்ட நரி!

காலம்காலமாக அங்கே திரிகிற நரிதான். பெல்ட் ஏறியதும் ஓனர் வந்துவிட்டார்; ஓனர் வந்ததும் புகாரும் வந்துவிட்டது. கேள்வி கேட்க ஒரு முகம் கிடைத்தால் நாம் விடுவோமா?

“பொழுது சாயறதுக்குள்ள புடிச்சிட்டுப் போயிடுங்க. இல்லன்னா கறியில மருந்து வச்சிடுவேன்” என்றார்.

எனக்குப் பயம். போய்விடலாம் என்று மலர்விழியின் கையைப் பிடித்து இழுத்தேன். அவளோ வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

“சரிண்ணே, எங்க நரின்னே வச்சுக்குங்க. அது என்னா தின்னுச்சுன்னு பாத்துட்டு அப்புறம் பேசுங்க.”

அடுத்து அவள் செய்ததை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அவருடைய சோளக் கொல்லையில் கிடந்த நரி விட்டையைப் பொறுக்கி, டீ வடிகட்டியில் போட்டு, பாட்டில் தண்ணீரை ஊற்றி அலசினாள்! எலி முடி, எலிப் பல், மயில் குஞ்சின் இறகு.

செல்வராசு குனிந்து பார்த்தார்.

“மயிலா? வெதச்சதையெல்லாம் கிளறிப் போடுதே... அந்த மயிலையா?”

“அதையேதாண்ணே. ஆனா பொய் சொல்ல மாட்டேன், குட்டி தனியா மாட்டுனா அதையும் தின்னும். ராத்திரியில பட்டியில அடைச்சு வைங்க. மருந்து வக்கலன்னு நீங்க சொல்ற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்.”

எழுந்திருக்கவே இல்லை! உச்சி வெயில் ஏறியது. எனக்குத் தலை கிறுகிறுத்தது. கடைசியில் அவருக்கே மனசு கேட்கவில்லை.

“எந்திரிங்க மேடம்... வக்கல.”

நேற்று மலர்விழிக்கு அவரிடமிருந்து போன்; ஸ்பீக்கரில் போட்டாள். மறுபடி புகாரோ என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டேன். ஆமாம், புகார்தான்.

“மேடம், உங்க நரி பக்கத்துக் கொல்லையிலயே சுத்துதாம். இங்க மயிலு கூட்டமா நிக்குது. கொஞ்சம் நம்ம பக்கம் அனுப்பி வைங்க!”

கவர்மென்ட்டு நரி என்றால் டிரான்ஸ்ஃபர் இல்லாமலா?