குளிர்பெட்டிக்காக எழுதி வாங்கிய ஒரு வரி

என் கணவருக்கு வாரண்டி என்றால் போதும், கையெழுத்துப் போடப் பேனாவைத் தேட ஆரம்பித்துவிடுவார். சிங்கப்பூரில், பாசிர் ரிஸ்ஸில் எங்கள் வீட்டு ரைஸ் குக்கருக்கு வாரண்டி உண்டு. மின்விசிறிக்கு உண்டு. இஸ்திரிப் பெட்டிக்குக்கூடக் கூடுதலாக இரண்டு வருடம் வாங்கி வைத்திருக்கிறார். "நிம்மதிக்கு விலை வைக்க முடியுமா?" என்பார். நான் அதற்கு நேர் எதிர். நிம்மதி என்று சொல்லிக்கொண்டு யாராவது எதையாவது விற்க வந்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். இப்படி இருவரும் சேர்ந்து என் முதல் புது வேனை வாங்கப் போனால் சண்டை வராமல் இருக்குமா?

நான் இட்லி, தோசை மாவு அரைத்து விற்பவள். தொழிற்கூடக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் எனக்கு ஒரு சின்ன யூனிட் இருக்கிறது. விடிகாலையில் அரைத்துப் பொட்டலம் போட்டு, சிராங்கூன் சாலைக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் காலை பதினொன்றுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மாவு மாதிரி அவசரக்காரப் பொருள் வேறு கிடையாது. குளிரில் இருக்கும்வரை சொன்ன பேச்சைக் கேட்கும். குளிர் போனால் இந்த ஊர் வெயிலுக்குச் சில மணி நேரத்தில் பொங்கிப் பொட்டலம் பந்தாகிவிடும், அப்புறம் அதை எந்தக் கடைக்காரரும் தொடமாட்டார்.

எனக்கு இது ஏட்டில் படித்த பாடம் இல்லை. புது வேனுக்கு முன் ஓட்டிய வாடகை வேனில் ஒருநாள் எக்ஸ்பிரஸ்வே நடுவில் பின்னாலிருந்த குளிர்பெட்டி நின்று போனது. வேன் ஓடியது, குளிர்தான் இல்லை. போக்குவரத்து நெரிசலில் மணிக்கணக்காக மாட்டிக்கொண்டு, பின்னால் பொட்டலங்கள் ஒவ்வொன்றாக வெடிக்கும் சத்தத்தைக் கேட்டபடி ஓட்டினேன். வேனைக் கொடுத்தவருக்குப் போன் செய்தால், குளிர்பெட்டி போட்டவரைக் கேளுங்கள் என்றார். குளிர்பெட்டி போட்டவர், வேன்காரரைக் கேளுங்கள் என்றார். அன்று இரண்டு உணவகங்கள் என்னிடம் வாங்குவதை நிறுத்தின. ஒரு மல்டி ஸ்டோரி கார்பார்க்கில் நிறுத்திவிட்டு நன்றாக அழுதேன். புது வேன் வாங்கும்போது நான் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: குளிர் நின்றால், 'நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

ஷோரூம் புக்கிட் மேரா பக்கம். வேனுக்கு மூன்று வருட வாரண்டி கம்பெனியே தருகிறது. அதற்கு மேல் இரண்டு வருடத்துக்கு நீட்டிப்பு வாரண்டி ஒன்று உண்டு, அதை வண்டி பதிவாவதற்கு முன்பே வாங்கினால் சலுகை. விற்பனையாளர் திருச்சியிலிருந்து வந்து இங்கே வேலை பார்ப்பவர், முப்பது வயதிருக்கும், வாய் நிறைய மேடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு நீட்டிப்புப் படிவத்தை எங்கள் முன் வைத்தார்.

"இன்னைக்கு மட்டும்தான் மேடம் இந்த ஆஃபர். நாளைக்கு சிஸ்டம் அலவ் பண்ணாது."

என் கணவர் சட்டைப் பையில் பேனாவைத் தொட்டுவிட்டார். படிவம் பதினாறு பக்கம். எழுத்தெல்லாம் எறும்பு அளவு. "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிச்சிட்டு வரேனே" என்றேன். எல்லாம் ஸ்டாண்டர்டு விஷயம்தான், படிக்க ஒன்றுமில்லை என்றார் விற்பனையாளர். படிக்க ஒன்றுமில்லாததற்கு எதற்குப் பதினாறு பக்கம் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வேறு யோசனை வந்தது.

"தம்பி, இப்போ ராகு காலம். கையெழுத்துப் போடமாட்டேன்."

உண்மையைச் சொன்னால் எனக்கு ராகு காலத்தில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ராகு காலத்தில் மாவு அரைத்திருக்கிறேன், கடன் வாங்கியிருக்கிறேன், பெண் பார்க்கக் கணவர் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்ததே ராகு காலத்தில்தான். ஆனால் சலுகை முடிகிறது என்று அவசரப்படுத்துகிறவரிடம் 'யோசிக்க வேண்டும்' என்றால் அவர் விடமாட்டார். ராகு காலம் என்றால் நம்மூர்க்காரர் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்.

இந்த விற்பனையாளர் பேசினார். "தெரியும் மேடம். ஞாயித்துக்கிழமை நாலரை டு ஆறு. இன்னும் கால் மணி நேரந்தானே? ஒரு காபி குடிங்க, முடிஞ்சிரும்."

"அது உங்க ஊர்க் கணக்கு, தம்பி. அங்க சூரியன் ஆறு மணிக்கு வருது. இங்க ஏழு மணிக்குத்தான் வருது. சிங்கப்பூர் காலண்டரைப் பாருங்க, ஐந்தரைக்கு ஆரம்பிச்சு ஏழு மணி வரைக்கும் ராகு காலம்."

ஷோரூம் ஆறரைக்கு மூடுவார்கள். அவர் கைப்பேசியை எடுத்துத் தேடிப் பார்த்தார். வந்து இரண்டு வருடமாகியும் ஊர்க் கணக்கிலேயே நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் போல, முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அப்ப நான் ரூம் அக்ரிமெண்ட் போட்டதும் ராகு காலத்துலதானா மேடம்?" என்று கவலையாகக் கேட்டார். பாவமாக இருந்தது. ஆனால் படிவம் என் கைப்பைக்குள் வந்துவிட்டது, சலுகையும் மறுநாள் வரை நீண்டுவிட்டது. சிஸ்டம் அலவ் பண்ணியது.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் கணவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "கையெழுத்துப் போட்டா முடிஞ்சுபோற விஷயம். நாளைக்கு இன்ஜின் போனா யார் செலவு பண்றது?"

"இன்ஜின் போகாதுங்க. என் பயம் இன்ஜினைப் பத்தி இல்ல."

"எல்லாத்தையும் சேர்த்துத்தான் கவர் பண்ணுவாங்க. நீ எதையுமே நம்பமாட்டே."

மறுநாள் காலை கடைகளுக்கு மாவு போட்டுவிட்டு, தேக்கா மார்க்கெட்டில் ஒரு தே தாரிக் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து மேசைப் பெரியவரிடம் கண்ணாடியைக் கடன் வாங்கவேண்டியிருந்தது, என் கண்ணாடி அந்த எழுத்துக்குப் போதவில்லை. பதினோராம் பக்கத்தில் கிடைத்தது. வேனில் பின்னால் பொருத்தப்பட்ட குளிர்பெட்டிக்கும் அதன் கம்ப்ரசருக்கும் அதை இயக்கும் பெல்ட்டுக்கும் இந்த நீட்டிப்பு செல்லாது. எனக்கு எது நிற்கும் என்று பயமோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் காப்பு. டீ ஆறிப் போனது. கோபத்தில் எழுந்து நின்றவள், அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே பாதித் தூரம் நடந்துவிட்டேன். பெரியவர் கூப்பிட்டு வாங்கிக்கொண்டார்.

ஷோரூமுக்கு வெறுங்கையோடு போகவில்லை. காலையில் குளிரில் வைக்க மறந்துபோன ஒரு கிலோ மாவுப் பொட்டலம் யூனிட்டில் இருந்தது. அதற்குள் நன்றாக உப்பி, தட்டினால் டொக்கென்று சத்தம் வந்தது. அதைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

மேலாளர் என் வயதுச் சீனப் பெண்மணி. என்னை ஆன்ட்டி என்றதும் பாதி எரிச்சல் அங்கேயே ஏறிவிட்டது. நாங்கள் ஆங்கிலத்தில் பேசியதைத்தான் இங்கே தமிழில் சொல்கிறேன், 'லா' மட்டும் அவர் சொன்னபடியே.

"ஆன்ட்டி, சில்லர் எங்க பொருள் இல்ல லா. வேற கம்பெனி பொருத்துறது. நாங்க எப்படி கவர் பண்ண முடியும்?"

"வேனையும் குளிர்பெட்டியையும் சேர்த்து ஒரே விலையா எனக்கு வித்தது யார்? பில்லுல யார் பேர் இருக்கு? விக்கும்போது உங்க பொருள், நின்னுபோனா மட்டும் வேற கம்பெனியா?"

பொட்டலத்தை எடுத்து அவருடைய கண்ணாடி மேசையில் வைத்தேன். அது கொஞ்சம் உருண்டு அவர் பக்கம் போனது.

"இது என்ன?"

"தோசை மாவு. குளிர் இல்லாம அஞ்சு மணி நேரம். இன்னும் கொஞ்ச நேரத்துல வெடிக்கும்."

அவர் சத்தமில்லாமல் தன் கோப்புகளை மேசையின் மறுகோடிக்கு நகர்த்தினார். திருச்சிக்காரர் சிரிப்பை அடக்கச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அதற்குப் பிறகு பேச்சு சுலபமாக நடந்தது. குளிர்பெட்டியையும் கம்ப்ரசரையும் பெல்ட்டையும் ஐந்து வருடத்துக்கும் சேர்க்க ஒப்புக்கொண்டார். முதலில் 'பரிசீலிக்கப்படும்' என்று எழுதினார். அடிக்கச் சொன்னேன். 'சரிசெய்து தரப்படும்' என்று எழுதினார். போதாது என்றேன். பழுதான அன்றே குளிர்பெட்டியோடு மாற்று வேன் தர வேண்டும், மூன்று மணி நேரத்துக்குள்.

"இப்படி யாரும் கேட்டதே இல்ல, ஆன்ட்டி."

"இப்போ நான் கேக்குறேன்."

அவர் மேலிடத்துக்குப் போன் போட்டு இருபது நிமிடம் பேசினார். நான் அவர்கள் காபியைக் குடித்தேன், நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் அந்த வரி பதினோராம் பக்கத்தின் ஓரத்தில் ஏறியது, முத்திரையும் விழுந்தது. ஒரே நிபந்தனை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் பட்டறையிலேயே சர்வீஸ் செய்ய வேண்டும், ஒன்றுகூடத் தவறக் கூடாது. விற்பனையாளர் பேனாவை நீட்டினார். "இன்னைக்கு ராகு காலம் காலையில பத்து மணிக்கே முடிஞ்சிருச்சு மேடம். சிங்கப்பூர் கணக்குப்படி." கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். கணவர் சர்வீஸ் தேதிகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மழையோ காய்ச்சலோ, வேனைப் பட்டறையில் விட்டு ரசீதோடு வருவார். அந்த விஷயத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

மூன்று வருடம் ஒன்றும் ஆகவில்லை. நிற்காத குளிர்பெட்டிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று எனக்கே சில நாள் வெட்கமாக இருந்தது. நான்காவது வருடம், தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது குளிர்பெட்டியின் வெப்பநிலை எண் ஏற ஆரம்பித்தது. நான்கு, ஏழு, பதினொன்று. பின்னால் அறுநூறு பொட்டலம். தெருவெல்லாம் பண்டிகைக் கூட்டம். காலை ஒன்பதரை.

கணவருக்கு ஒரு வரிச் செய்தி அனுப்பிவிட்டுப் பட்டறைக்குப் போன் போட்டேன். எடுத்தவர், நீட்டிப்பு வாரண்டியில் குளிர்பெட்டி வராதே என்று மனப்பாடமாகச் சொன்னார். நிதானமாகச் சொன்னேன்: "பதினோராம் பக்கம் ஓரத்துல ஒரு வரி இருக்கு. எடுத்துப் படிங்க. நான் லைன்லயே இருக்கேன்." காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, எல்லா சர்வீஸும் செய்திருக்கிறீர்களா என்று கேட்டார். அதற்குள் கணவர் வீட்டிலிருந்து ஏழு ரசீதையும் படமெடுத்துப் பட்டறைக்கே அனுப்பிவிட்டார், தேதி வரிசையில்.

நாற்பது நிமிடத்தில் மாற்று வேன் அந்தச் சந்துக்குள் நுழைந்தது. ஓட்டி வந்த மெக்கானிக் நாற்பது வயதுக்காரர், புதுக்கோட்டைப் பேச்சு. அவரும் நானும் பெட்டி பெட்டியாக மாற்றினோம். நான் ஒவ்வொரு பொட்டலமாக அழுத்திப் பார்த்தேன். ஒன்றுகூட உப்பவில்லை. கடைசிப் பெட்டியை வைத்துக் கதவைச் சாத்தியதும் சந்து நடுவிலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன், பூக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

மெக்கானிக் வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அக்கா, இந்தப் பட்டறையில பதினோரு வருசமா இருக்கேன். சில்லருக்காக யாருக்கும் வண்டி குடுத்து அனுப்பினதே இல்ல. உங்களுக்கு மட்டும் எப்படிக்கா? மேல யாரையாவது தெரியுமா?"

"யாரையும் தெரியாது, தம்பி" என்றேன். "நான் படிச்சுப் பார்த்தேன்."

பதினொன்றுக்குள் அறுநூறு பொட்டலமும் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.