எங்க ஊர் மணி

இது பட்டப்பகலில் நடந்தது. நான் குடித்திருக்கவில்லை, என் வேலையில் குடிக்கக் கூடாது. காய்ச்சல் இல்லை. முந்தைய இரவு விமானத்தில் நன்றாகவே தூங்கியிருந்தேன். பாதியில் நீங்கள் கேட்கப்போகும் கேள்விகள் இவைதான். அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் வேலை பெட்டி கொண்டுபோவது. இயந்திரத்தின் உதிரிபாகம், மருந்து, சில சமயம் ரத்தம். சரக்காக அனுப்ப நேரமில்லாததை ஓர் ஆள் கையிலேயே எடுத்துக்கொண்டு பறக்க வேண்டும். அந்த ஆள் நான். டிக்கெட் கம்பெனி செலவு, சம்பளம் தனி. என் மைத்துனனுக்கு இதில் தீராத வயிற்றெரிச்சல்.

"உங்களுக்கு எங்கயோ மச்சம் இருக்கு மாமா. உலகத்தையும் சுத்திக்கிட்டு, காசையும் வாங்கிக்கிட்டு..."

"எந்த உலகத்தடா சுத்தினாரு?" என்பாள் என் மனைவி. "இத்தனை நாடு போயிருக்காரே, ஒரு போட்டோ காட்டச் சொல்லு. பாத்ததெல்லாம் ஏர்போர்ட் கக்கூஸ் மட்டும்தான்."

அவள் சொன்னது உண்மை. சிரித்துக்கொள்வேன். ஆனால் அது உள்ளே குத்திக்கொண்டே இருந்தது.

அன்று பெட்டியில் இருந்தது ரத்தம். நான்கு பைகள். எளிதில் கிடைக்காத வகை. வேறொரு நாட்டில் தேடிப் பிடித்திருந்தார்கள். யாருக்கு என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். ஓர் எண் மட்டும் இருக்கும். எங்களை அனுப்பிவைக்கும் அதிகாரி ஒரு பெண்மணி. திட்டும் தொனியை வைத்து எல்லோரும் அவரை அத்தை என்போம். அத்தை போனில் இவ்வளவுதான் சொன்னார்.

"உள்ள ரத்தக்கசிவு நிக்கல தம்பி. மத்தியானத்துக்குள்ள வந்துரும்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பெட்டி கைக்கு வந்ததும் கைக்கடிகாரத்தைப் போய்ச் சேரும் ஊரின் நேரத்துக்கு மாற்றிவிடுவோம். நடுவில் எந்த ஊரில் இறங்கினாலும் அதைத் தொட மாட்டோம். அங்கே படுத்திருப்பவரின் நேரம்தான் நம் நேரம்.

விமானம் மாற வேண்டிய ஊரில், இருட்டு பிரிவதற்கு முன்பே இறங்கினேன். அடுத்த விமானம் காலை பத்து மணிக்கு. கடற்கரை பக்கத்தில்தான் என்று டாக்சிக்காரர் சொன்னார். பெட்டியோடு போனேன்.

சூரியன் எழுவதைப் பார்த்தேன். பெட்டியை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். பிறகு கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு. இப்போதுதானே விடிந்தது, ஏழு சரியாகவே பட்டது. குளிர்காலத்தில் அங்கே தாமதமாக விடியும் என்பது எனக்குத் தோன்றவில்லை. இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறதே என்று காலை நீட்டிக்கொண்டேன்.

அது போய்ச் சேரும் ஊரின் ஏழு. நான் உட்கார்ந்திருந்த ஊரில் அப்போது ஒன்பது.

காப்பிக் கடையின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபோது ஒன்பது நாற்பது. ஓடினேன். விமானம் போய்விட்டது. அடுத்தது மாலை நான்கு மணிக்கு. ஆறு மணி நேரம்.

அத்தையிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு.

"சோதனையில பெட்டியைத் திறக்கணும்னு நிறுத்திட்டாங்க அத்தை. பேசி முடிக்கறதுக்குள்ள விமானம் போயிடுச்சு."

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"உன்மேல தப்பில்ல தம்பி. ஆஸ்பத்திரிக்கு நான் சொல்லிக்கிறேன்."

திட்டியிருக்கலாம்.

பிற்பகல் மூன்று மணி. விமானத்துக்காகக் காத்திருக்கும் கூடம். என் முதுகுக்குப் பின்னால் இருந்த இருக்கையிலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. நாக்கு வறண்டவரின் குரல்.

"மணி என்னங்க?"

கடிகாரத்தைப் பார்த்தேன். "ஒண்ணு" என்றேன். சொன்ன பிறகுதான் தவறு உறைத்தது. அது இந்த ஊரின் நேரமில்லை. திருத்திச் சொல்லத் திரும்பினேன்.

பின்வரிசை முழுக்கக் காலி.

விமானத்தில் பெட்டிக்கு ஜன்னலோர இருக்கை. பெல்ட்டை இழுத்து அதன்மேல் இறுக்கிக் கட்டினேன். பக்கத்தில் நான். விமானம் மேற்கே பறந்தது. மாலை வெயில் மாறவே இல்லை. அதே இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் கவனித்தேன். பெல்ட் தளர்ந்திருந்தது. அவிழவில்லை. நீளமாக விடப்பட்டிருந்தது... ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு.

மறுபடி இறுக்கினேன்.

கைக்குட்டை கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். பக்கத்தில் துணி உரசும் சத்தம்.

நிமிர்ந்தேன்.

ஜன்னலோரத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி அங்கி. வெறுங்கால். உதட்டில் சொட்டு ரத்தமில்லை. பெட்டி அவர் மடியில் இருந்தது. இரண்டு கைகளாலும் அணைத்திருந்தார். காலையில் நான் வைத்திருந்தது போலவே...

"மணி என்னங்க?"

கையை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டினேன். மூன்று இருபது.

"இது எங்க ஊர் மணி" என்றார். "உங்க மணி என்ன?"

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

அவர் கோபப்படவில்லை. முகத்தில் எதுவுமே இல்லை. வெளியே வெயிலைப் பார்த்தார்.

"சூரியன் நல்லா இருந்துச்சா?"

கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது பெட்டி மட்டும்.

பெல்ட் மறுபடியும் தளர்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் பெட்டியைக் கொடுக்கும்போது என் கடிகாரத்தில் மாலை ஏழு. அந்த ஊரிலும் ஏழு. வாசலில் பெட்டிக்காகக் காத்திருப்பவர்கள் எப்போதும் ஓடிவந்து வாங்குவார்கள். பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள். அன்று வந்த நர்ஸ் நடந்து வந்தார். கையெழுத்துப் போட்டார். நடந்தே உள்ளே போனார்.

நான் எதுவும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து அத்தை கூப்பிட்டார்.

"சொல்லக் கூடாதுதான். மனசு கேக்கல தம்பி. நீ கொண்டுபோன ரத்தம்... அந்த ஆளு அன்னிக்கு ரெண்டு மணிக்கே போயிட்டாராம். நாப்பது வயசுகூட இல்ல."

அவர் ஊரின் இரண்டு மணி. என் விமானம் தரையை விட்டு எழுந்த நேரம். மூன்று இருபதுக்கு நான் யாரிடம் கடிகாரத்தைக் காட்டினேன் என்று அத்தையிடம் சொல்லவில்லை. போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பேசிக்கொண்டே போனார்.

"அவரைப் பாத்துக்கிட்ட நர்ஸ் பொண்ணு சொல்லிச்சு. காலையில நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாராம். திடீர்னு எழுந்து உக்காந்து, மணி ஒன்பது, மணி ஒன்பதுன்னு ஒரே கத்தலாம். அந்தப் பொண்ணு சுவத்துக் கடிகாரத்தைக் காட்டி, ஏழுதாங்க ஆகுதுன்னு சொல்லியிருக்கு. காதுலயே வாங்கலயாம். 'எனக்கு ஏழு. அவருக்கு ஒன்பது. யாராவது போய்ச் சொல்லுங்க'ன்னு கெஞ்சினாராம். ஜன்னி கண்டுடுச்சுன்னு ஊசி போட்டுப் படுக்க வெச்சிருக்காங்க."

அத்தை பெருமூச்சு விட்டார்.

"யாரைச் சொன்னாரோ, பாவம். அந்த நேரத்துக்கு நீயே சோதனையில மாட்டிக்கிட்டு அல்லாடிக்கிட்டு இருந்திருப்ப. இல்ல தம்பி?"

"ஆமா அத்தை" என்றேன்.