இதயத்தைத் தொட்ட விரல்

விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்தபோது எனக்குக் கல்யாணமாயிற்று. ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியேறிய முதல் வாரமே, தற்செயலாக மனைவியின் நெஞ்சில் என் கை பட்டது. உள்ளே பூனை உறுமுவது போல ஒரு நடுக்கம். பயந்து கையை எடுத்துவிட்டேன்.

"சின்ன வயசுல மூட்டு வீங்கி ஜுரம் வந்துச்சுங்க. அதுலேருந்து இப்பிடித்தான்" என்றாள்.

குடத்தை இறக்கிவைத்துவிட்டு மூச்சு வாங்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இரண்டாம் வருஷம் அவளால் படுக்கவே முடியவில்லை, உட்கார்ந்தபடிதான் தூக்கம். இருமினால் சளியில் ரத்தம் வந்தது.

ரயில்வே டாக்டர் எங்களைச் சென்னைக்கு அனுப்பினார். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் இதயத்துக்கே ஆபரேஷன் செய்யும் சர்ஜன் ஒருவர் இருந்தார். நம் பக்கத்தில் வேறு யாரும் துணியாத காலம் அது. குள்ளமான மனிதர், மெதுவான குரல். என் வேலை என்னவென்று கேட்டார்.

"வால்வு அடைச்சிக்கிட்டா என்ன பண்ணுவே?"

"எஞ்சினை நிறுத்திட்டு கழட்டிப் பாப்பேங்க."

"நான் நிறுத்த முடியாதே. இதயம் துடிச்சிக்கிட்டே இருக்கும். உள்ளே விரலை விட்டு, பாக்காம, ஒட்டிக்கிட்ட வால்வைத் தடவியே பிரிக்கணும்." ஆள்காட்டி விரலை நீட்டினார். நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டியிருந்தார். "பிழைக்காதவங்களும் உண்டு. யோசிச்சுச் சொல்லு."

நான் வாய் திறப்பதற்குள் அவள் தலையாட்டிவிட்டாள்.

பிழைத்தாள். ஒரு மாதம் கழித்து வீடு திரும்பினோம். அவள் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தேன். உறுமல் போயிருந்தது. சந்தோஷப்பட வேண்டியவன்தான். ஆனால் முன்பின் தெரியாத யாரையோ தொட்டுவிட்டது போல என் உடம்பு கூசியது.

அவள் இப்போது இரண்டு குடம் தூக்கினாள். ஒருநாள் மத்தியானம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "அந்த விரலு இன்னும் உள்ளாறதான் இருக்குதுங்க. வலிக்கல. சும்மா தொட்டுக்கினு இருக்குது."

பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினேன்.

குவார்ட்டர்ஸ் பெண்கள் அவளைச் செத்துப் பிழைத்தவள் என்றார்கள். சிலர் அவள் கையால் குங்குமம் வாங்க மறுத்தார்கள். இந்தப் பேச்சு எங்கெங்கோ பரவி, ஒரு காலையில் திருவெண்ணெய்நல்லூரிலிருந்து பஸ் பிடித்து ஓர் அம்மாள் வந்து சேர்ந்தார். அவருடைய மூத்த பெண் இதே நோயில் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

"ஒரு தபா ஒன் நெஞ்சுல காது வச்சுக் கேட்டுக்கட்டுமா, கண்ணு?"

மனைவி முக்காலியில் உட்கார்ந்து முந்தானையை விலக்கினாள். அந்த அம்மாள் கண்ணை மூடி வெகுநேரம் கேட்டார்.

"எம் பொண்ணுக்கு மாவு மிஷினு மாதிரி ஓடும். இது இன்னாம்மா, ஆளில்லாத வூடு மாதிரி கீது?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீ அங்க போயிருந்தப்ப அவளப் பாத்தியா?"

பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் அந்த அம்மாள் ஆறுதலோடு போயிருப்பார். மனைவி பொய் சொல்லவில்லை.

"யாரையும் பாக்கலம்மா. ஒரே இருட்டு. ஒரு விரலு மட்டுந்தான்."

அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை. இளையவளுக்கும் இப்போது முட்டி வீங்குகிறது என்று சொல்லி அழுதார்.

மறுவாரமே மனைவி அந்தச் சிறுமியையும் தாயையும் அழைத்துக்கொண்டு பாஸஞ்சரில் சென்னைக்குக் கிளம்பினாள். நானும் போனேன். சர்ஜன் சிறுமியைச் சோதித்துவிட்டு, கத்தி வேண்டாம், மாதாமாதம் ஊசி போட்டால் போதும் என்றார். பிறகு, தலைகுனிந்து எழுதியபடியே, அடுத்த ஆளை உட்காரச் சொன்னார். மனைவி உட்கார்ந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு குழாயை வைத்துக் கேட்டார்.

"விழுப்புரம்" என்றார், கண்ணைத் திறக்காமலே. "ஃபிட்டர் சம்சாரம்."

பிறகு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "முகம் மறந்துடும்மா. தொட்டது மறக்காது."

அந்தச் சிறுமி வளர்ந்து திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டாள். அதன் பிறகு எத்தனையோ பேரை என் மனைவி அவரிடம் அழைத்துப் போனாள். அவர்களில் சிலர் பிழைத்துத் திரும்பவில்லை. திரும்பாதவர்களின் வீட்டுக்கும் அவள்தான் முதலில் போய் நின்றாள்.

சில வருஷங்கள் கழித்து அந்த சர்ஜன் காலமான செய்தி பேப்பரில் வந்தது. படித்துச் சொன்னேன். அவள் கிணற்றடிக்குப் போய்த் தலை முழுகினாள்.

"யாருக்குடி சாவு?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

"எங்க ஒறமொறைல ஒருத்தரு" என்றாள், ஈரத்தலையோடு.