காய்ச்சல் தாள்

டயாலிசிஸ் (ரத்தச் சுத்திகரிப்பு) அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகியிருந்தேன். வாரத்துக்கு மூன்று நாள், நான்கு மாதமாக. அன்று என்னை எழுப்பியது சிஸ்டரின் குரல்.

"அண்ணா, உள்ள வாங்க. அக்காவுக்குக் குளுரு வந்துடுச்சி."

இரண்டு கம்பளி போர்த்தியும் என் மனைவி செல்வியின் பற்கள் அடித்துக்கொண்டன. மெஷின் போட்டு அரை மணிகூட ஆகவில்லை.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. கையில் ஊசி குத்தி மெஷினோடு இணைக்க ஃபிஸ்டுலா (சிறு அறுவையால் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்த இணைப்பு) தயாராகும்வரை கழுத்தில் கதீட்டர் (பெரிய ரத்தக் குழாய்க்குள் செருகும் டியூப்) வைத்திருந்தார்கள். அதன் வழியாகக் கிருமி நேரே ரத்தத்தில் இறங்கலாம் என்று டாக்டர் முதலிலேயே எச்சரித்து, கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்திருந்தார். காலை, மதியம், இரவு காய்ச்சல் பார்த்து எழுத வேண்டும். "லேசா ஏறுனாகூட முன்கூட்டியே புடிச்சிடலாம்" என்றார்.

நான் மேட்டுப்பாளையத்தில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் சூப்பர்வைசர். மெஷினின் சூட்டை மணிக்கொரு தரம் குறிப்பது என் வேலை. உண்மையில் ஷிப்ட் முடியும்போதுதான் உட்கார்ந்து, எல்லாக் கட்டங்களையும் ஒரே மூச்சில் நிரப்புவோம். மெஷினும் நன்றாகத்தான் ஓடும்.

செல்விக்கு முதல் மாதம் ஒழுங்காகப் பார்த்தேன். பிறகு அலுத்துவிட்டது. சாயங்காலம் கருவடிக்குப்பம் வீட்டுக்கு வந்ததும், அவள் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூன்று கட்டத்திலும் 98.4 என்று எழுதினேன். ஆஸ்பத்திரியில் அந்தத் தாளை ஒவ்வொரு முறையும் நீட்டினேன்.

இப்போது டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் பாக்கல சார். சும்மா எழுதிட்டேன்."

அவர் கோபப்படவில்லை. "இத நம்பித்தான் டியூப இன்னும் கொஞ்ச நாள் விட்டு வெச்சேன். காலியா விட்டிருந்தாகூட ஏன்னு கேட்டிருப்பேன்."

பிளட் கல்ச்சரில் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) கிருமி தெரிந்தது. டியூபை எடுத்துவிட்டார்கள். ரத்த அழுத்தம் இறங்கி, இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். அவள் செத்தால் நான்தான் கொன்றவன் என்று நினைத்தபடி அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தூக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள் கண் விழித்தாள். வார்டுக்கு மாற்றிய பிறகு நானே எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும். நீங்க எழுதுறதப் பாத்துட்டுதான் இருந்தேன்" என்றாள். "நாலு நாளாவே சாயங்காலத்துல லேசா குளுருச்சி. சொன்னா மறுபடியும் பெட்ல போட்டுடுவாங்க. எனக்கும் அலுத்துப்போச்சிங்க."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் யார்மேல் கோபப்படுவது?

உங்கள் வீட்டிலும் கழுத்தில் டியூபோடு ஒருவர் இருந்தால், நீங்களும் களைத்துத்தான் போவீர்கள். பார்க்க முடியாத அன்று கட்டத்தை வெறுமையாக விடுங்கள். தயவுசெய்து நிரப்பாதீர்கள்.

செல்விக்கு இப்போது கையிலேயே ஊசி போடுகிறார்கள். கழுத்தில் தழும்பு மட்டும் இருக்கிறது. தாள் வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். நான்தான் விடவில்லை. தெர்மாமீட்டரை உதறி, அவள் அக்குளில் வைத்து, பக்கத்தில் உட்காருகிறேன். அந்தச் சில நிமிடங்கள் எவ்வளவு நீளம் என்று முன்பு எனக்குத் தெரியாது.

இன்று காலை 97.8. மதியம் அவளே பார்த்தது 98.2. சற்று முன் தாளை எட்டிப் பார்த்து, "என்னா, கடைசிக் கட்டம் இன்னும் எழுதலியா?" என்று சீண்டினாள்.

"இன்னும் ராத்திரி ஆகலியே" என்றேன்.