வல்லூறுக் கூட்டை மறைத்த காதுகுத்து பேனர்

பாலத்துச் சுவர்ப் பொந்துல ஒரு வல்லூறு ஜோடி கூடு வெச்சிருக்குது. கம்பெனிக்குப் போறப்ப தினமும் நின்னு பார்ப்பேன். போன வாரம் மூணு குஞ்சு தலை நீட்டுச்சு.

இன்னைக்குக் காலைல பொந்தை மூடி ஒரு காதுகுத்து பேனர். தாய்ப் பறவை கால்ல புறாவோட சுத்திச் சுத்தி வருது, உள்ள போக வழியில்லை.

கயிறு கட்டிட்டிருந்தவருகிட்டச் சொன்னேன். "ஏனுங்க, உள்ள குஞ்சு இருக்குதுங்க. ரெண்டடி தள்ளிக் கட்டுங்க."

"தள்ளிக் கட்டுனா தாய்மாமன் மொகம் லைட் கம்பத்துக்குப் பின்னால மறைஞ்சுருமுங்க."

"குஞ்சு பட்டினில செத்துருமுங்க!"

"அதுக்கு நானென்னங்க பண்றது?"

வண்டிய எடுத்துட்டுப் போயிட்டார். அதையும் மரியாதையா 'ங்க' போட்டுச் சொன்னாரு பாருங்க, அதுதான் எனக்கு இன்னும் எரியுது.

பையில, கம்பெனில நூல் வெட்டற கத்தரி இருந்துச்சு. கைப்பிடிச் சுவர்ல குனிஞ்சு ஒரு பக்கக் கயித்தை அறுத்தேன். பேனர் மடிஞ்சு தொங்குச்சு. கொஞ்ச நேரத்துல பறவை உள்ள போயிருச்சு. அதைப் பார்த்துட்டுத்தான் கம்பெனிக்குப் போனேன்.

சாயங்காலம் வந்தா, மறுபடியும் கட்டியிருக்கறாங்க. மறுபடியும் அறுத்துட்டேன்.

நாளைக்கு எனக்கு ஓவர்டைம். அந்தப் பக்கம் போறவங்க யாராச்சும் ஒரு கத்தரி எடுத்துட்டுப் போவீங்களாங்க?