நெல்லி கிறஷ் செபநாயகம்

குருநகரில் செபநாயகம் வீடு எது என்று கேட்டால், எந்தச் செபநாயகம் என்று திருப்பிக் கேட்பார்கள். நெல்லி கிறஷ் செபநாயகம் என்றால் வாசல்வரை கூட்டிக்கொண்டுபோய் விடுவார்கள். புதுப்படகு இறக்கும் நாளில் சுவாமியார் வந்து படகை மந்திரித்துவிட்டுப் போனதும் எங்களுக்குச் சாராயப் போத்தல் திறக்கும். அவருக்கு மட்டும் நெல்லி கிறஷ். அந்த நெல்லிச்சாற்றுப் பானியைக் கண்ணாடிக் கிளாசில் ஊற்றித் தண்ணீர் கலந்து கொடுப்போம். வெயிலில் பிடித்துப் பார்த்தால் அதுவும் சாராய நிறம்தான். “அண்ணைக்கு இண்டைக்கு நல்ல ஏத்தம்” என்று பகிடி பண்ணுவோம். அவரும் இரண்டு அடி தள்ளாடிக் காட்டுவார். தகப்பன் குடித்துக் குடித்தே செத்ததைப் பார்த்து வளர்ந்த மனுசன். கல்யாணத்துக்கு முன் அந்தோனியார் சுரூபத்தடியில் முழந்தாளிட்டு, ஒரு துளியும் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தவர். அதைக் காப்பாற்றினார். எங்கள் கரையில் அது சின்ன விஷயம் இல்லை.

நான் பேதுரு, பக்கத்து வீட்டுக்காரன். படகு எஞ்சின் திருத்துவது என் தொழில். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அங்கே கரண்டி விழுந்தால் இங்கே என் மனைவி ஜெனிற்றா, “லூர்த்தம்மாக்கா உலை வைச்சிட்டா” என்பாள். அந்தச் சுவருக்கு அப்பாலிருந்து ஒரு அடிச் சத்தம் இத்தனை காலத்தில் நான் கேட்டதில்லை. சத்தம் போடுவது அவருடைய மனைவி லூர்த்தம்மா அக்காதான். அண்ணை “சரியப்பா, சரியப்பா” என்று கிணற்றடிப் பக்கம் நழுவிவிடுவார். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் இதை நீங்களாவது மறக்கக்கூடாது.

அவர்களுக்கு ஒரே பிள்ளை சுபாஸ். படிக்கவென்று பிரான்சுக்குப் போனவன், அங்கே படிப்பை விட்டுவிட்டுக் கமராவைப் பிடித்துக்கொண்டான். மூன்று வருடத்துக்கு முன் வெள்ளைக்காரர் நாலைந்து பேரோடு வந்து இறங்கினான். எங்கள் கரையைப் பற்றிப் படம் எடுக்கப்போகிறானாம், சொந்த வீட்டிலேயே எடுக்கப்போகிறானாம். செபநாயகம் அண்ணைக்குக் கால் தரையில் இல்லை. அவருடைய ‘சகாயமாதா’ படகையே கொடுத்தார். வயர் இழுத்தார், வெள்ளைக்காரருக்கு இளநீர் வெட்டினார். தகப்பன் வேஷத்துக்குக் கொழும்பிலிருந்து ஒரு நடிகர் வந்திருந்தார். அந்த ஆளுக்குச் சாரத்தை மடித்துக் கட்டவே தெரியாது. அண்ணைதான் தன்னுடைய சாரத்தையும் அகலப் பட்டியையும் கொடுத்து, சேற்றில் எப்படிக் கால் வைப்பது, படகில் இருந்து எந்தக் கையை ஊன்றிக் குதிப்பது, வலையை எந்தத் தோளில் போடுவது என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தார். நடிகர் கெட்டிக்காரன். ஒரு கிழமையில் பின்னால் இருந்து பார்த்தால் எது நடிகர் எது அண்ணை என்று எங்களுக்கே மாறிப்போனது.

கதை என்னவென்று அண்ணை கேட்டார். “எங்கடை வாழ்க்கைதான் அப்பா” என்றான் மகன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

ஒருநாள் தாயும் தகப்பனும் மடுமாதாவிடம் போய்வர அவனே வான் பிடித்துக் கொடுத்தான். “படம் நல்லா வரவேணுமெண்டு மாதாவிட்டைக் கேளுங்கோ” என்று தாய் கையில் மெழுகுதிரிக்கட்டும் கொடுத்து அனுப்பினான். பிள்ளைக்கு எவ்வளவு அக்கறை என்று லூர்த்தம்மா அக்கா வழியெல்லாம் செபமாலை சொல்லிக்கொண்டு போனாராம். திரும்பி வந்தபோது குசினிச் சுவரில் காரை பெயர்ந்திருந்தது. லைட் விழுந்துவிட்டது என்றான். அக்கா குந்தியிருந்து காரைத் தூளைக் கூட்டி அள்ளினார்.

படம் போன வருடம் வெளிநாட்டில் ஓடத் தொடங்கியது. பிறகு ஒரு பெரிய விருதுக்கு இறுதிச் சுற்றில் நிற்கிறது என்று செய்தி வந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு குஞ்சு குருமன் மிச்சமில்லாமல் எல்லோரும் சினிமா விமர்சகர் ஆகிவிட்டார்கள். சலூனில் கதை, மீன் சந்தையில் கதை. பிறேசில் படம் ஒன்றும் கடும் போட்டியாம், துருக்கிக்காரன் ஒருவன் ஆட்டுக்காரனை வைத்து எடுத்ததும் நல்லதாம். எதையும் ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்காததால் கருத்துக்குப் பஞ்சமில்லை.

கடைசியில் நகரத்துத் திரைப்பட வட்டம் ஒரு காட்சி வைத்தது. வட்டத்தை நடத்துகிறவர் கொக்குவிலைச் சேர்ந்த பரமலிங்கம் சேர். செபநாயகம் அண்ணையையும் அக்காவையும் முன்வரிசையில் இருத்தி, அண்ணைக்குப் பொன்னாடையும் போர்த்தினார்கள். விளக்கு அணைந்தது. ‘சகாயமாதா’ கரைக்கு வந்தது. பெயர் தெளிவாகத் தெரிந்தது. அண்ணையுடைய சாரத்தில், அண்ணையுடைய பட்டியில், அண்ணையுடைய நடையில் ஒரு மனுசன் இறங்கி வந்தான். வந்தவன் போத்தலைத் திறந்தான். குசினிக்குள் போனான். பெண்சாதியின் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். அந்த இடத்தில்தான் காரை பெயர்ந்தது.

நான் அண்ணையைப் பார்த்தேன். பொன்னாடையின் விளிம்பைக் கையில் பிடித்தபடி இருந்தார். அக்கா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார். பின்வரிசைகளில் பெண்கள் விம்மினார்கள்.

விளக்கு வந்ததும் கலந்துரையாடல். தந்தை என்ற அதிகாரம் என்றார் ஒருவர். கடல்தான் இங்கே வன்முறையின் படிமம் என்றார் இன்னொருவர். இவ்வளவு உண்மையான படம் நம் மண்ணில் இருந்து வந்ததில்லை என்று பரமலிங்கம் சேர் தழுதழுத்தார். இயக்குநர் தன் சொந்த வாழ்க்கை என்று பேட்டியில் சொல்லியிருக்கிறார், அந்தத் தந்தை இன்று நம் முன்னால் வந்து இருப்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று கேட்டார். சனம் கைதட்டியது. ஒலிவாங்கியை அண்ணையிடம் நீட்டினார்கள்.

“நான் ஒருநாளும் குடிச்சதில்லை” என்றார் அண்ணை. “இவவுக்கு ஒருநாளும் கை நீட்டினதும் இல்லை.”

பரமலிங்கம் சேர் மெதுவாக அண்ணையின் தோளில் கைவைத்தார். “ஐயாவை நாங்கள் வற்புறுத்தக்கூடாது. மறுக்கிறதும் ஒரு கட்டம்தான். உண்மையை ஏற்கிறதுக்குக் காலம் எடுக்கும்” என்றார். நான் எழும்பி, நான் பக்கத்து வீடு, இந்த மனுசன் நெல்லி கிறஷ் மட்டும்தான் குடிப்பார் என்று கத்தினேன். சிரிப்புத்தான் வந்தது. நண்பனைக் காப்பாற்றுகிறாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஒலிவாங்கியாலேயே ஒரு போடு போட்டிருக்கவேண்டும்.

சரி, அவர்கள் படித்த ஆட்கள், எங்கள் கரை தெரியாது. எங்கள் சனத்துக்கு என்ன வந்தது? படம் ஆளுக்கு ஆள் போனில் பரவியது. அண்ணை கையில் நெல்லி கிறஷ் ஊற்றிக் கொடுத்த அதே ஆட்கள், “வெளியிலை இப்பிடித்தான். வீட்டுக்குள்ளை என்ன நடந்ததெண்டு ஆருக்குத் தெரியும்?” என்றார்கள். கண்ணால் கண்டதைத் திரையில் கண்டது விழுங்கிவிட்டது. சொந்தப் பிள்ளை பொய் சொல்லுமா என்பதுதான் எல்லோருக்கும் கிடைத்த நியாயம்.

என் வீட்டிலேயே நடந்தது. பின்னேரம் ஏழு மணிக்கு இந்திய நாடகம் பார்க்க ஒழுங்கைப் பெண்கள் எங்கள் வீட்டு ரீவிக்கு முன்னால் கூடுவார்கள். அந்த நாடகத்தில் ஒரு மருமகள் இருக்கிறாள். புருஷன் அடித்த காயத்தை மறைத்துக்கொண்டு, வழுக்கி விழுந்தேன் என்று வருடக்கணக்காகச் சொல்லிவருகிறாள். ஒருநாள் லூர்த்தம்மா அக்கா வந்து, “ஐயோ பிள்ளையள், மாதா சத்தியமா அந்த மனுசன் எனக்கு அடிச்சதில்லை” என்றார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெனிற்றா அக்காவின் கையைப் பிடித்து, “விடுங்கோ அக்கா, எங்களுக்கு விளங்குது” என்றாள். அக்கா எழும்பிப் போய்விட்டார். நாடகத்து மருமகளும் இப்படித்தான் எழும்பிப் போவாளாம்.

“விசரி, இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நீயும்தானே இருந்தனி?” என்று கேட்டேன்.

“நாங்கள் நித்திரையாப் போனாப் பிறகு அடிச்சிருக்கலாம்” என்றாள்.

பிறகு நடந்ததுதான் அண்ணையை முறித்தது. திருநாள் அன்று அந்தோனியார் சுரூபத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றுவோம். முன் வலப்பக்கத் தண்டு செபநாயகம் அண்ணையுடையது. அதைத் தூக்குகிற தோள் சுத்தமாக இருக்கவேண்டும் என்று பழைய ஆட்கள் பார்த்துக் கொடுத்த இடம். திருநாளுக்கு ஒரு மாதம் இருக்கையில் திருநாள் குழுவில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள். “அண்ணை, இந்த முறை இளம் ஆக்கள் தூக்கட்டுமே” என்றார்கள். தேத்தண்ணி குடிக்காமலே போனார்கள்.

அன்று பின்னேரம் அண்ணை என்னிடம் போனைக் கொண்டுவந்து மகனுக்கு எடுத்துத் தரச் சொன்னார். சத்தம் கூட்டி வைத்துக் கதைத்தார்.

“தம்பி, நீ படத்தை மாத்தவேண்டாம். உன்ரை பரிசும் உனக்குக் கிடைக்கட்டும். பேட்டியிலை ஒரு வசனம் சொல்லு. என்ரை அப்பா இப்பிடி ஆள் இல்லை எண்டு. அது காணும்.”

“அப்பா, அது கலை. அது நீங்களெண்டு ஆர் சொன்னது?”

“பேர் எழுதின படகு என்ரை. சாரம் என்ரை. நடை என்ரை.”

“முதல் நான் நல்ல அப்பாவாத்தான் எழுதினனான். இவங்கள் ஒருத்தனும் காசு போட மாட்டனெண்டிட்டாங்கள். நல்ல அப்பாவை வைச்சு ஆர் படம் பாப்பினம்? இப்ப நான் அப்பிடிச் சொன்னால் படமே பொய்யெண்டு போடுவாங்கள். முடிவு வரட்டும். மேடையிலை உங்களைப் பற்றிக் கட்டாயம் கதைப்பன்.”

“திருநாளுக்கு முதல் வருமோ முடிவு?”

“ஓம் அப்பா, வரும்.”

அந்த ‘ஓம்’ஐப் பிடித்துக்கொண்டு மனுசன் இருந்தார். கடலுக்குப் போகும்போதும் வரும்போதும் என் பட்டறையில் எட்டிப் பார்த்து, “முடிவு வந்திட்டுதோ பேதுரு?” என்று கேட்பார். பிறேசில் படம் நல்லதாம் என்று யாராவது சொன்னால் முகம் வாடிவிடும். அவருடைய பெயரைக் கெடுத்த படம் வெல்லவேண்டும் என்று அவரே அந்தோனியாருக்குத் திரி கொளுத்தினார். வென்றால்தானே பிள்ளை மேடை ஏறும், ஏறினால்தானே அந்த ஒரு வசனம் வரும்.

படம் வென்றது.

அடுத்தநாள் காலையில் என் பட்டறையில் பத்துப் பதினைந்து பேர் போனைச் சுற்றி நின்றோம். அண்ணை நடுவில், முகம் வழித்து வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அக்காவும் வந்திருந்தார். மேடையில் சுபாஸ் கறுப்புக் கோட்டோடு, கையில் விருதோடு நின்றான். பிரெஞ்சில் கதைத்தான், கீழே தமிழில் எழுத்து ஓடியது. தயாரிப்பாளருக்கு நன்றி, நடிகருக்கு நன்றி, அம்மாவுக்கு நன்றி. பிறகு கொஞ்சம் நிறுத்தினான். கண் கலங்கியது. “என் அப்பா இதைப் பார்த்துக்கொண்டிருப்பார்” என்று எழுத்து வந்தது. அண்ணை போனுக்குக் கிட்டக் குனிந்தார்.

“அப்பா, நான் உங்களை மன்னித்துவிட்டேன்.”

மண்டபம் முழுக்க எழும்பி நின்று கைதட்டியது. என் பட்டறையிலும் இரண்டு பேர் தட்டினார்கள். ஒருவன் அண்ணையின் முதுகைத் தடவி, “எவ்வளவு பெரிய மனம் அண்ணை உங்கடை மகனுக்கு” என்றான். லூர்த்தம்மா அக்காதான் சத்தம் போட்டார். “உவன் என்னத்தை மன்னிச்சவன்? என்னத்தை மன்னிச்சவனெண்டு கேளுங்கோடா!” ஒருவரும் கேட்கவில்லை. பாவம், பெற்ற மனம் என்றார்கள்.

திருநாளுக்கு முதல்நாள் குழுவில் இருந்து அதே இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். இந்த முறை தேத்தண்ணி குடித்தார்கள். “மகனே மன்னிச்சாப் பிறகு நாங்கள் ஆர் அண்ணை? வாங்கோ, உங்கடை இடத்தைப் பிடியுங்கோ” என்றார்கள்.

“நான் செய்யாததுக்கு அவன் தந்த மன்னிப்பைச் சுமந்துகொண்டு நான் சுரூபம் தூக்கேலாது” என்றார் அண்ணை. “போட்டு வாங்கோ.”

மற்றநாள் பின்னேரம் சுரூபம் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியது. வழக்கம்போல ஒவ்வொரு வாசலிலும் மேசை போட்டு, வெள்ளை விரித்து, பூவும் மெழுகுதிரியும் வைத்திருந்தோம். லூர்த்தம்மா அக்காவும் வைத்திருந்தார். முன் வலப்பக்கத் தண்டில் யாரோ ஒரு இளம் தோள். செபநாயகம் அண்ணை மேசைக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். தன் கையாலேயே கலந்த நெல்லி கிறஷ் கிளாஸ் அவர் கையில் இருந்தது. சுரூபம் கிட்ட வந்ததும் எழும்பி, கிளாசை மேசையில் வைத்துச் சிலுவை போட்டார். போனதும் இருந்து மெதுவாகக் குடித்தார். மாலை வெயில் கிளாசில் நேராக விழுந்தது.

பின்னால் பாட்டுப் படித்துக்கொண்டு வந்த சனம் அந்தக் கிளாசைப் பார்த்தது. பாட்டு ஒரு வரி தளர்ந்தது. என் பக்கத்தில் நின்ற ஜெனிற்றா, அந்த மனுசனுக்கு எத்தனையோ படகிறக்கத்தில் நெல்லி கிறஷ் கலந்து கொடுத்தவள், பெருமூச்சு விட்டாள்.

“பாவம்” என்றாள். “திரும்பவும் தொடங்கிட்டார்.”